கச்சான் தின்ற புத்தகம்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், வீட்டுக்கு நாய்க்குட்டி வந்திருக்கிறது, அதனால் ஒரு புத்தகத்தைக்கூட முடிக்க முடியவில்லை என்று. அவ்வளவுதான். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தக் குட்டியைப் பற்றியே. சரி, சினிமா கேள்வி கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுங்கள்.

தொண்டி வாசகி ஒருவர்: குட்டி எங்கே கிடைத்தது? என்ன ஜாதி? பெயர் வைத்தாயிற்றா?

ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. நம் தெரு ஜாதிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று தொண்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாட்களில் விசைப்படகுக்காரர்கள் பாட்டைப் பற்றிப் பேசுகிறோம், நிவாரணம் வந்ததா வரவில்லையா என்று பேசுகிறோம், ஆனால் துறையில் விழும் கழிவு மீனை நம்பியே உயிர் வாழும் நாய்கள் அந்த இரண்டு மாதம் என்ன தின்னும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மே கடைசியில் மண்டபம் வடக்குத் துறையில், கரையேற்றிப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் மூன்று குட்டிகள், பக்கத்தில் எலும்பும் தோலுமாகத் தாய். இரண்டை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதை என் மகன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தாய்க்கு இப்போதும் தினம் சோறு போகிறது, அது துறையை விட்டு வர மாட்டேன் என்கிறது.

அன்றைக்குக் கச்சான் காற்று வாசல் கதவைத் திறக்க விடவில்லை, சோற்றில் எல்லாம் மணல். "கச்சானோட வந்தது, கச்சான்னே கூப்பிடுங்க" என்று அத்தை (என் மாமியார்) சொல்லிவிட்டார். அகதிகள் முகாமில் இருக்கும் எங்கள் யாழ்ப்பாணத்து அக்காவிடம் பெயரைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊரில் கச்சான் என்றால் வேர்க்கடலையாம். குட்டியின் நிறமும் வறுத்த கடலை நிறம்தான், அதனால் கடலுக்கு அந்தப் பக்கமும் பெயர் பொருந்திவிட்டது.

ஏர்வாடியிலிருந்து ஒரு வாசகர்: உங்கள் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா?

"இதுக்கு ஒரு ரூபா செலவழிக்க மாட்டேன்" என்றார். மாட்டாஸ்பத்திரிக்கு மூன்று தடவை தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான், கழுத்துப்பட்டை வாங்கியதும் அவர்தான். கேட்டால், "பட்டை தள்ளுபடியில கிடைச்சது" என்கிறார்.

பரமக்குடி கல்லூரி மாணவர்: எங்கள் தமிழாசிரியர் நாய்க்குட்டி என்று எழுதக் கூடாது, குருளை என்றுதான் எழுத வேண்டும் என்கிறார். சரியா?

பாதி சரி. தொல்காப்பியம் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் குருளை என்ற பெயர் சொல்லப்படுகிறது, நரிக்கும் அது உண்டு. ஆனால் அடுத்தாற்போலவே குட்டி, பறழ் என்று சொன்னாலும் விலக்க மாட்டார்கள் என்றும் இருக்கிறது. ஆசிரியர் ஒரு நூற்பா முன்னாலேயே புத்தகத்தை மூடிவிட்டார் போல. இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்ல வேண்டாம், மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது.

பாம்பன் வாசகர் ஒருவர்: எங்கள் நாயைத் தினமும் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். கிடைப்பதை எல்லாம் வாயில் போடுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டும், முக்கியமாக ஒன்றுக்கு. வலையில் சேர்ந்து வந்து, ஆகாது என்று மணலில் வீசிவிட்டுப் போகிற பேத்தை மீன். ஊதிய பந்து மாதிரி கிடக்கும், குட்டி நாய்க்கு அது விளையாட்டுச் சாமான். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. எச்சில் ஒழுகி, கால் தடுமாறி, கடைசியில் மூச்சு நிற்கும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், கையில் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். பேத்தை ஆகாதென்று நம் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நாய்க்குத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

அடுத்தது சொறி, அதாவது ஜெல்லி மீன். கரையில் கண்ணாடி மாதிரி செத்துக் கிடந்தாலும் அதன் கொடுக்கு வேலை செய்யும். மூக்கில் பட்டுவிட்டால் கடல் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணலைப் போட்டுத் தேய்த்தாலோ இன்னும் கொட்டும். இரை குத்தியபடியே எறிந்த தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால், வாயில் தெரிகிற தூண்டில் நூலைப் பிடித்து இழுக்கவே கூடாது. கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், அதனால் போகும்போது ஒரு பாட்டில் குடிதண்ணீர் எடுத்துப் போங்கள் (குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான்). மத்தியானம் மணலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. சீமைக் கருவை முள் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா? எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கச்சானின் நாலு காலையும் விரித்துப் பார்ப்பது ஒரு சடங்காகிவிட்டது.

தேவிபட்டினம் வாசகி: நாய் வந்த வீட்டில் படிக்க முடிகிறதா? இப்போது என்ன படிக்கிறீர்கள்?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் முடியவில்லை. ராத்திரி முழுக்க அழும், விடிந்தால் தூங்கும். கொஞ்சம் வளர்ந்ததும் பல் தொல்லை. குட்டி நாய்க்குப் பால்பல் 28, நாலு மாத வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பல் முளைத்துவிடும். ஈறு அரிக்கிற அந்த மாதங்களில் அதற்கு எதையாவது கடித்தாக வேண்டும். அது தேர்ந்தெடுத்தது கிளை நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த புத்தகம். முன்னட்டை, உள்ளட்டை, பொருளடக்கம் வரைக்கும் தின்றுவிட்டது. நூலகத் துறையினர் கொண்டாடும் ரங்கநாதனின் ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று நினைத்துக்கொண்டே போனேன். நூலகர் பல் தடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புதுப் பிரதி வாங்கித் தரச் சொன்னார். வாங்கித் தந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். என் மகன் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது மட்டும் குட்டி அழாமல் காலடியில் படுத்துவிடுகிறது. அவன் நிறுத்தினால் தலையைத் தூக்குகிறது. சரி, அழுவதை விட இது மேல் என்று நானும் ராத்திரி சாப்பிட்டபின் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கைக்குக் கிடைத்தது குறுந்தொகை. ஒரு பாட்டு நாலிலிருந்து எட்டு வரிதான், உரையும் சேர்த்துப் பத்து நிமிஷம், அது நாய்க்கும் தாங்கும் எனக்கும் தாங்கும். மொத்தம் 401 பாட்டு, தினம் ஒன்று என்றால் ஒரு வருஷத்துக்கு மேலேயே ஓடும்.

அத்தைக்குக் கண்ணில் புரை. ஒரு கண் அறுவை ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி. ஒரு காலத்தில் நாளிதழை எழுத்து விடாமல் படித்தவர், வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் உட்கார்ந்திருந்தவர். மூன்று வருஷமாக ஒன்றும் படிக்கவில்லை. யாரையும் படித்துக் காட்டு என்று கேட்கவும் மாட்டார், அது அவர் குணம். நான் நாய்க்குப் படிக்கிற நேரமாகப் பார்த்து ஓலையும் கையுமாகத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார், கொட்டான் முடைவதற்குக் கண் வேண்டாம், கை போதும். கேட்கிற மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் நெய்தல் பாட்டு ஒன்று. அடும்பங்கொடியின் இலை மானின் குளம்பு மாதிரி பிளந்திருக்கும், பூ குதிரைக் கழுத்தில் கட்டிய மணி மாதிரி இருக்கும் என்று வருகிறது. ஓலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "மான் குளம்பா? ஆட்டுக் குளம்புல்ல அது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் கரையில் மணலெல்லாம் படர்ந்து கிடக்கிற அதே கொடிதான், ஆட்டுக்கால் அடம்பு என்றே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பாட்டை எழுதிய நம்பி குட்டுவன் மானைப் பார்த்திருக்கிறார், எங்கள் அத்தை ஆடு மேய்த்திருக்கிறார், இலை ஒன்றுதான். அப்புறம் தினம் ஏதாவது திருத்தம் வரும். இந்தப் பூ இப்போது பூக்காது, அந்த மீன் அவ்வளவு கிட்டத்தில் வராது என்று. உரையாசிரியர்கள் பிழைத்தார்கள், அத்தை அவர்கள் காலத்தில் இல்லை.

மகனுக்கு முறை வருகிற நாளில் அவன் அப்துல் கலாமின் அக்னிச் சிறகுகளை எடுப்பான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால், ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிவார்கள், அவற்றைப் பொறுக்கித் தருவதுதான் சின்னப் பையன் கலாமின் முதல் சம்பாத்தியம் என்று வருமே, அந்த இடம் அவனுக்கு மனப்பாடம். அவன் கேட்ட சந்தேகம், கட்டைத் தூக்க நாய் எதுவும் போட்டிக்கு வரவில்லையா என்பது.

போன வாரம் ஒரு ராத்திரி எனக்குச் சமையலறையில் வேலை முடியவில்லை. திண்ணையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "நாய் எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கு, வந்து படி." போய்ப் பார்த்தேன். நாய் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து படித்தேன்.

ராமநாதபுரம் வாசகர்: விளையாடும்போது எங்கள் குட்டியின் பல் என் மகள் கையில் பட்டுவிட்டது. லேசான கீறல்தான். வீட்டுக் குட்டிதானே, ஊசி தேவையா?

இதில் மட்டும் வேடிக்கையே வேண்டாம். பல் பட்டுக் கீறல் விழுந்துவிட்டால், ரத்தம் வராவிட்டாலும், எவ்வளவு சின்னக் குட்டியாக இருந்தாலும், குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பாதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். ஊசி எத்தனை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து, அதன் தயாரிப்பு 2004-ஓடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது போடுவது கையில்தான், முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28 என்று நாள் கணக்கு. ஒரு தவணையையும் விடாதீர்கள். குட்டிக்கும் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பார்வோவுக்கு (குட்டிகளுக்கு ரத்தப் பேதி வரவைக்கும் நோய்) அதற்கும் முன்னால், ஆறு எட்டு வாரத்திலேயே தொடங்க வேண்டும். கச்சானோடு பிறந்த இரண்டில் ஒன்று ரத்தப் பேதியில் போய்விட்டது, ஊசி போட அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் உம்மா ஒரு பூனைக்குட்டியைச் சேர்த்துக்கொண்டு தினம் பச்சை மீனும் பாலும்தான் தருகிறார்கள். சொன்னால் கேட்பதில்லை. சரிதானா?

மீன் சரி, பச்சையாகத் தினமும் என்பதுதான் சரியில்லை. சில வகைப் பச்சை மீனில் இருக்கும் ஒரு பொருள் பூனை உடம்பிலுள்ள பி1 சத்தைத் தின்றுவிடும், நாளானால் கழுத்து தொங்கும், நடை தள்ளாடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை போய்விடும். சூடையோ காரலோ, உப்பு, வெங்காயம் போடாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். குழம்பு மீன் வேண்டாம், வெங்காயம் பூனைக்கும் ஆகாது நாய்க்கும் ஆகாது. பால், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, தண்ணீர் போதும். உம்மாவிடம் நீங்கள் சொன்னதாகச் சொல்லாமல் பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால்தான் எடுபடும்.

உச்சிப்புளி வாசகர்: கச்சானுக்கு இதுவரை ருசித்த புத்தகம் எது?

கையால் கட்டிய பழைய அட்டைகள். காரணம் இலக்கியம் இல்லை, மைதாப் பசை. ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். இது தெரிந்த அன்றைக்கே பழைய புத்தகங்களை எல்லாம் பரண் மேல் ஏற்றியாயிற்று. இந்த வாரம் ஐயாவுக்கு ருசிப்பது என் வீட்டுக்காரரின் இடது கால் செருப்பு. வலது கால் செருப்பைத் தொடுவதே இல்லை.