குடலைக் கழுவினால் நல்ல கிருமிகளும் போய்விடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 58 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். 2 வாரத்துக்கு முன் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். அதற்கு முதல் நாள், குடலைச் சுத்தம் செய்யும் மருந்துத் தூளைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு விடிய விடியக் கழிவறைக்கு அலைந்தேன். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. ஆனால் வயிற்று உப்புசமும் இளகிய மலமும் இன்னும் நிற்கவில்லை. நல்ல கிருமிகள் எல்லாம் போயிருக்கும், அவற்றைத் திரும்பக் கொண்டுவர 180 ரிங்கிட்டுக்கு ஒரு மாத்திரை இருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டம்மா. வாங்கலாமா? என் கணவர் மாதம் ஒருமுறை பேதி உப்பு குடிப்பவர். அது சரியா?

பதில்: வேண்டாம் அம்மா, காசு மிச்சம்.

பக்கத்து வீட்டம்மா சொன்னதில் பாதி உண்மை. நீங்கள் குடித்த தூளைக் குடலால் உறிஞ்ச முடியாது. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே கீழே இறங்கும். சாதாரண நாளில் பெருங்குடலைக் கடக்க உணவுக்கு ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அந்த நிதானத்தில்தான் மெதுவாகப் பெருகும் கிருமிகள் பிழைக்கின்றன. தண்ணீர் வேகமாக ஓடும்போது அவை பெருகுவதற்குள் அடித்துச் செல்லப்படுகின்றன. குடல் சுவரில் வழவழப்பான சளிப்படலம் ஒன்று உண்டு, அதன் வெளியடுக்கில் கிருமிகள் குடியிருக்கும். 2018இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு இதே வகை மருந்தைச் சில நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் படலமே மெலிந்தது; ஒரு கிருமிக் குடும்பம் பல எலிகளில் திரும்பி வரவே இல்லை.

பயப்படாதீர்கள். எலிகள் நாள்கணக்கில் குடித்தன, நீங்கள் ஒரே இரவு. சளியிலும் மடிப்புகளிலும் ஒட்டிக்கொண்டவை மிஞ்சும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் பழைய கூட்டம் கூடிவிடும்.

உப்புசத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். தே தாரேக் (பால் ஊற்றி ஆற்றும் டீ) தினமும் எத்தனை கிளாஸ்? நம்மில் பலருக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது. செரிக்காத சர்க்கரையும் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், அதைத் தின்னும் கிருமிகள் வாயுவைக் கிளப்பும். ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். கஞ்சி, மோர், வாழைப்பழம் சாப்பிடலாம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடை குறைவு என்று எதுவும் தெரிந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். கடும் வயிற்றுவலி என்றால் நேராக மருத்துவமனைக்கு. ஒன்றுமில்லாமல் உப்புசம் மட்டும் இன்னும் 2 வாரம் நீடித்தாலும் காட்டிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் கணவர். உங்களுக்காவது பரிசோதனைக்கு அது தேவைப்பட்டது, அவருக்கு எதற்கு? பேதி உப்பு உடம்பிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதிலுள்ள மக்னீசியம் இரத்தத்தில் தங்கிவிடும். அவருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இருந்தால் அந்தப் பாக்கெட்டை இன்றே குப்பையில் போடுங்கள்.