பெரியவள் பார்த்துக்கொள்வாள் என்றால் நீங்கள் எதற்கு?

கேள்வி: மூன்று நாள் விடுமுறைக்கு ஒரு கடலோரப் பூங்காவில் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கத் திட்டமிடுகிறோம். கூட்டம் அதிகம் வரும் இடம். அலைக்கு நேர் எதிரே இடம் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறாள் மனைவி. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 5 வயது. சின்னவனைப் பெரியவள் பார்த்துக்கொள்வாள், ரொம்பப் பொறுப்பான பெண், அதனால் எங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஆனால் அவளுக்குத்தான் இந்தப் பயணத்தில் ஆர்வமே இல்லை. எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது, என்னென்ன எடுத்துப் போவது?

பதில்: தம்பி, கூடாரத்தை அப்புறம் பார்க்கலாம். "சின்னவனைப் பெரியவள் பார்த்துக்கொள்வாள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம். இந்த வரி எனக்கு எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. கையை ஆட்டிக் கூப்பிடவும் செய்யாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டால் மூச்சு இழுக்கவே நேரமில்லை, கத்துவதற்கு எங்கே போவது? தலை பின்னால் சாயும், கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை விளையாடுவது போலவே இருக்கும், ஒரு நிமிடம் ஆவதற்குள் உள்ளே போய்விடும். இதைக் கவனித்துக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் 12 வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஓய்வெடுக்கப் போகிறீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கரைக்கு அடித்துக்கொண்டு வரும் தண்ணீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும், மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு இடைவெளி கிடைத்தால் எல்லாம் அந்த வழியே உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் என்று நினைத்து அங்கேயே இறக்கிவிடுவார்கள். ஓட்டம் வேகம் பிடித்தால் நொடிக்கு 2 மீட்டருக்கு மேலேயும் இழுக்கும், பந்தயத்தில் நீந்துகிறவர்களே எதிர்த்து வருவது கஷ்டம். மாட்டிக்கொண்டால் எதிர்த்துப் போராடாமல் மிதக்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். இது எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்? சின்னவன் மாட்டிக்கொண்டால் உங்கள் மகள் என்ன செய்வாள்? பொறுப்பான பெண் என்று நீங்களே சொல்கிறீர்கள், பின்னாலேயே குதிப்பாள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது கடலில் அடிக்கடி நடக்கிற விஷயம்.

நானும் வீட்டில் மூத்தவள்தான். சின்ன வயதில் கடற்கரைக்குப் போனதை நினைத்தால் எனக்குக் கடல் ஞாபகம் வராது. என் தம்பியின் ஈரமான கழுத்துப் பிடரிதான் ஞாபகம் வரும், அதில் ஒட்டியிருந்த மணல் வரும், அவன் சட்டை நுனியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து என் விரல் வலித்தது வரும். அலை வரும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடுவார்கள், நான் அவனை இழுத்துக்கொண்டு பின்னால் வருவேன். உங்கள் மகளுக்கு ஆர்வமே இல்லை என்கிறீர்கள். அவளுக்கு இது விடுமுறை இல்லை தம்பி, அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளையைப் பெற்றவர்கள்தான் பிள்ளைக்குக் காவல். அக்கா தம்பியோடு விளையாடலாம், சண்டை போடலாம், ஒரு வேளை சோறு ஊட்டலாம். அவன் உயிருக்கு அவள் பொறுப்பாக முடியாது. ஏதாவது ஆகிவிட்டால் "உன்னைத்தானே பார்த்துக்கொள்ளச் சொன்னோம்" என்ற ஒரு சொல்லை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள், நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சுமப்பாள்.

அதனால் முறை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் நீங்கள், அரை மணி நேரம் உங்கள் மனைவி. முறையில் இருப்பவர் கையில் போன் கூடாது, புத்தகம் கூடாது, பையன் தண்ணீரில் இருந்தால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மாற்றும்போது "இப்போது நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டு பேரும் பார்க்கிறோம் என்று நினைக்கும் நேரத்தில்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. காற்றடைத்த மிதவையை நம்பாதீர்கள், கரையிலிருந்து காற்று அடித்தால் பிள்ளையோடு சேர்த்துக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். மணலில் குழி தோண்டினால் பையனின் முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள், சரிந்து மூடிக்கொண்டால் வெளியே எடுப்பது சாமானியமில்லை.

இப்போது கூடாரம். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. 5 வயதுப் பையன் விடியற்காலையில் உங்களுக்கு முன்னால் எழுந்து ஜிப்பைத் திறந்தால் எதிரே கடல் இருக்கக் கூடாது. கழிப்பறைக்குப் பக்கத்தில், மணல்மேட்டுக்குப் பின்னால், பூங்காவில் ஒதுக்கித் தரும் இடத்திலேயே போடுங்கள். அங்கே காற்றின் வேகமும் குறையும். கடற்கரையில் காய்ந்த பாசியும் குப்பையும் ஒரு கோடு போலக் கிடக்குமே, அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே ஏறும். சாதாரண முளைக்குச்சி மணலில் நிற்காது, பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அடுப்பைக் கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள், மழை பெய்தாலும் சரி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் வாடையும் இல்லாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு. தேதியை முடிவு செய்வதற்கு முன்னால், அங்கே குளிப்பவர்களைக் காப்பாற்ற நிற்கும் லைஃப் கார்டு எந்த மாதங்களில், எத்தனை மணி வரை இருப்பார் என்று கேளுங்கள். இடம் கிடைக்கிறதே என்று அவர் இல்லாத நாளில் போய் நிற்காதீர்கள்.

அப்புறம் பெரியவள். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்த்துத் தண்ணீர் நன்றாக இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், முதல் நாள் காலை 7 மணி என்றால் மறுநாள் 7.50, அதற்கு அடுத்த நாள் 8.40. பாறை இடுக்கில் தேங்கும் தண்ணீரில் நண்டும் நட்சத்திர மீனும் கிடக்கும் நேரம் அது. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கும்போது வந்துவிடுங்கள். அதுவரை தம்பி அவன் அம்மாவிடம் இருக்கட்டும். மூன்று நாளும் போங்கள்.