உடன்படிக்கைப் பெட்டியின் தண்டுகளை ஏன் கழற்றக்கூடாது?

ஆசரிப்புக் கூடாரத்துப் (இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் கொண்டுசென்ற வழிபாட்டுக் கூடாரம்) பொருட்கள் பலவற்றில் வளையமும் தூக்கிச் செல்லும் தண்டும் இருக்க, பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியின் தண்டுகளை மட்டும் கழற்றக்கூடாது என்று பைபிளின் யாத்திராகமம் 25 சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே காரணம் தரப்படவில்லை. ஆனால் மற்ற விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு புரிகிறது.

பெட்டி சீத்திம் மரத்தால் (ஒரு வகை வேலமரம்) ஆனது. உள்ளும் புறமும் பொன்தகடு. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். முழத்தை 45 சென்டிமீட்டர் என்று வைத்தால், நீளம் ஏறக்குறைய 112 சென்டிமீட்டர்தான். மேலே கிருபாசனம் என்ற பொன் மூடி, அதில் கேருபீன்கள் எனப்படும் சிறகுள்ள இரண்டு தேவதூத உருவங்கள். இதை யாரும் கையால் தொடக்கூடாது. லேவி கோத்திரத்தின் ஒரு பிரிவான கோகாத் வம்சத்தார் தோளில் சுமக்க வேண்டும். கூடாரத்தின் பலகை, திரைகளுக்கு மாட்டுவண்டி கொடுத்த மோசே, இவர்களுக்கு வண்டியே கொடுக்கவில்லை. தண்டு எப்போதும் மாட்டியே இருந்தால் பெட்டியைத் தொட வேண்டிய அவசியமே வராது.

சமுகத்தப்ப மேசை (கடவுளின் முன் அப்பங்களை வைக்கும் மேசை), தூபபீடம், வெண்கலப் பலிபீடம் மூன்றுக்கும் தண்டு உண்டு. ஒரு தாலந்து (பழங்கால எடை அளவு) பொன்னில் அடித்துச் செய்த குத்துவிளக்குக்கு வளையம் இல்லை. நீலத் துணியால் மூடி, தோல் உறையில் வைத்து, தண்டில் கட்டித் தூக்கினார்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. பிற்காலத்தில் சாலொமோன் ராஜா எருசலேமில் கல்லால் ஆலயம் கட்டிய பிறகும் தண்டுகளை எடுக்கவில்லை. அவற்றின் முனைகள் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து (பெட்டி இருந்த உள்ளறைக்கு முன்னால் உள்ள அறை) தெரிந்தன, வெளியே தெரியவில்லை என்கிறது 1 இராஜாக்கள் 8.