நீச்சல் தெரியாத குடும்பத்தக் கூட்டிட்டு பவளப்பாறை பாக்க, டென்ட்ல தங்க எங்க போலாம்?

ஈரோட்டுல இருந்து கேட்டிருக்கீங்க. ரெண்டு பசங்க, வயசான அம்மா, யாருக்கும் கடல் பழக்கமில்ல, ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சு ட்யூப்பும் மாட்டிட்டு தண்ணி மேல குப்புற மெதந்து அடில இருக்கறதப் பாக்கறது) பண்ணோணும், கடற்கரைல டென்ட்ல படுக்கோணும், அந்தமானுக்கெல்லாம் பட்ஜெட் இல்ல, போலாமா வேண்டாமா, அதுதான கேள்வி. நாங்க காங்கேயம் பக்கமுங்க. எங்க ஊட்டுக் கூட்டமும் கிட்டத்தட்ட இதேதான். தாராளமா போலாம், ராமநாதபுரம் மாவட்டமே போதும்.

ஆனா எல்லாரும் மொதல்ல எடத்தப் புடிச்சு ரூம் புக் பண்ணிட்டு அப்பறம் லீவப் பாக்கறாங்க, கடலுக்கு அது ஆகாதுங்க, மொதல்ல பாக்க வேண்டியது காத்து. மண்டபத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் நெலம் ஒடுக்கமா நீண்டு கெடக்குது, வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. ஊர்க்காரங்க வடகடல் தென்கடல்ம்பாங்க, பெண்கடல் ஆண்கடல்னும் சொல்றாங்க. வைகாசி கடைசில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து நம்ம பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காத்தாலையெல்லாம் சுத்த வெக்குதே, அதே தென்மேற்குக் காத்துதான் அங்க தென்கடல கலக்கி விடுது. அதனால நம்மூருல காத்தாலை பேய்த்தனமா சுத்தற மாசத்துல தென்கடல் பக்கம் ஸ்நார்க்கலிங்குனு போகாதீங்க, அப்ப வடகடல் அமைதியா இருக்கும். ஐப்பசி கார்த்திகை மார்கழில இது அப்படியே திரும்பிரும், வாடைக்காத்து வடகடல அடிக்கும், மழை புயல் வேற. மாசி பங்குனிதான் ரெண்டு பக்கமும் தெளிஞ்சு கெடக்கற நேரம், ஆனா அப்பத்தான் நம்ம பசங்களுக்கு பரீட்சை, என்ன பண்றது. பரீட்சை முடிஞ்ச கையோட சித்திரை மொத வாரத்துலயே போயிருங்க, வடகடல் பக்கமா. அதுலயும் வெடியால ஆறரைல இருந்து ஒம்பது ஒம்பதரைக்குள்ள தண்ணில இருக்கோணும், அதுக்கு மேல காத்து ஏறுச்சுன்னா மணல் கெளம்பி தண்ணி பால் கலங்கின மாதிரி ஆயிரும். யூட்யூப்ல பாத்த அதே எடத்துக்கு மத்தியானம் போயி நின்னுட்டு ஒண்ணுமே இல்ல ஏமாத்து வேலைன்னு ரிவ்யூ போடறவங்க நெறைய.

எடம்னு பாத்தா ராமேஸ்வரத்துலயே வடகடல் பக்கம் ஓலைக்குடான்னு ஒரு மீனவ கிராமம், லைட்ஹவுஸ் இருக்கும், அங்க கரைக்குப் பக்கத்துலயே பவளப்பாறை. மொத தடவ போறவங்களுக்கு இதுதான் தோது, நெனச்சா கரைக்கு வந்தர்லாம், போட்டுல ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. கடல்ல எறங்கவே மாட்டேங்கறவங்க இருந்தா கீழக்கரை ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசைல வனத்துறை படகு விடறாங்க, எங்க அத்தைய அப்படித்தான் கூட்டிட்டுப் போனோம். தொண்டி பக்கம் காரங்காடும் வனத்துறைதான், ஆனா அது அலையாத்திக் காடு, கயாக் ஓட்ட, பறவை பாக்க நல்லாருக்கும், பவளத்துக்காக அங்க போகாதீங்க. பாம்பனத் தாண்டி குந்துகால்ல இருந்து குருசடைத் தீவு தெரியும். தூத்துக்குடி வரைக்கும் வரிசையா இருக்கற 21 தீவையும் சேத்து 1986லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, அதனால கரைல யாராச்சும் வந்து "அண்ணே தீவுல எறக்கி விடறேன்"னு கூப்ட்டா போயிராதீங்க. வனத்துறை டிக்கெட் குடுத்து கூட்டிட்டுப் போனா மட்டும் போலாம், அது எப்ப ஓடுதுன்னு கெளம்பறதுக்கு முந்தி போன் பண்ணிக் கேட்டுருங்க, காத்தப் பொறுத்து நிறுத்திருவாங்க.

டென்ட் விசயத்துக்கு வாரேன். தனுஷ்கோடில டென்ட் போடலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க, முடியாதுங்க, பொழுதோட எல்லாரையும் வெளிய அனுப்பிருவாங்க. வேற எங்கயாச்சும் ஆளில்லாத கடற்கரைல நாமளா போட்டா ராத்திரி ரோந்து வர்ற போலீஸ் எழுப்பிக் கேள்வி கேப்பாங்க, அக்கட்ட இலங்கை இருக்குதில்லீங்களா, அவங்க கேக்கறதும் நாயந்தான். அரியமான் பீச் பக்கம் சவுக்குத் தோப்பு இருக்குது, அங்க டென்ட்டும் பாத்ரூமும் குடுத்து தங்க வெக்கறவங்க இருக்கறாங்க, வயசானவங்க பொம்பளைப் புள்ளைங்க இருந்தா பாத்ரூம் இருக்கற எடமாப் பாருங்க, மத்ததெல்லாம் அப்பறம். சொந்த டென்ட் கொண்டு போனா கூட வர்ற முளை மணல்ல நிக்கவே நிக்காது. ஊட்ல கெடக்கற உரச்சாக்கு நாலஞ்சு எடுத்துக்கங்க, அங்கயே மணல ரொப்பி, கயித்தக் கட்டி, ஒரு மொழம் ஆழத்துக்குத் தோண்டிப் பொதைச்சிருங்க, லேசுல அசையாது. குடிதண்ணி கேன்ல வாங்கிக்கங்க, அங்கங்க நெலத்தடித் தண்ணி உப்பு கரிக்கும். தை மாசிலெல்லாம் ஆமை கரையேறி முட்டை வெக்கற சீசன், அப்பப் போனா ராத்திரி கடலோரமா பெரிய டார்ச் அடிச்சிட்டு சுத்த வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நான் ரொம்ப ரோசிக்க மாட்டேன். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, குக்கர், அரிசீம்பருப்பு சோறு, மேல நெய், தொட்டுக்க ஊர்ல இருந்து கொண்டு போன ஊறுகாய். மீன் வேணுங்கறவங்களுக்கு பக்கத்து ஊர்லயே புதுசா கெடைக்கும்.

இப்பத்தான் முக்கியமான சமாச்சாரம். ஸ்நார்க்கலிங்குக்கு நீச்சல் தெரியோணும்னு இல்லீங்க, லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு குப்புற படுத்தாப்ல மெதக்கத் தெரியோணும், வாயில மூச்சு வாங்கத் தெரியோணும், அவ்வளவுதான். உப்புத்தண்ணி கெணத்துத் தண்ணிய விட நல்லாவே மெதக்க விடும். சொல்லப் போனா நீச்சலே தெரியாதவங்க கைடு சொன்ன பேச்சு கேட்டு அமைதியா கெடப்பாங்க, கெணத்துல டைவ் அடிச்சுப் பழகின, கீழ்பவானி வாய்க்கால்ல எதிர்நீச்சல் போட்ட நம்ம ஆளுங்கதான் தொல்லை. ஜாக்கெட் வேண்டாம்பாங்க, கைய காலப் போட்டு அடிச்சு மணலக் கெளப்புவாங்க, மூச்சு வாங்குனதும் டக்குனு கால ஊனி நிப்பாங்க, நிக்கறது எதும்மேல, பவளத்து மேல. எங்க கொழுந்தனாருக்கு ஜாக்கெட் போட வெக்கறதுக்குள்ள எனக்கு தொண்டத்தண்ணி வத்திப் போச்சு.

மாஸ்க்க கடல்ல போயி மொதமொத மாட்டிப் பாக்கக் கூடாது. நாங்க தோட்டத்துத் தொட்டிலயே ஒரு வாரமா பசங்களப் பழக்கினோம், பொழுதோட பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முட்டியளவு தண்ணில முகத்த மட்டும் உள்ள வெச்சு ட்யூப்ல மூச்சு வாங்கச் சொல்லி. சின்னவ மொத நாள் அழுதா, அப்பறம் தொட்டிய விட்டு வெளிய வரவே மாட்டேன்னுட்டா. பசங்களுக்கு பசங்க சைஸ்தான் வாங்கோணும். மொகத்துல வெச்சு, பட்டைய மாட்டாம, மூக்கால லேசா மூச்ச உள்ள இழுங்க, கைய விட்டாலும் மாஸ்க் ஒட்டிட்டு நின்னா அதுதான் உங்க சைஸ். புது மாஸ்க் கண்ணாடில ஒரு படலம் இருக்கும், டூத்பேஸ்ட் போட்டு உள்பக்கம் தேச்சுக் கழுவுனா போகும், அப்பறம் கடல்ல எறங்கறப்ப எச்சியத் தடவி அலசிட்டா பனி கட்டாது, அருவருப்பா இருந்தா பேபி ஷாம்பு. மீசை வெச்சவங்களுக்கு தண்ணி உள்ள வந்துட்டே இருக்கும், எங்க ஊட்டுக்காரரு மீசைய எடுக்கறதுக்கு கடலையே விட்டுருவாரு, வாஸ்லின் தடவித்தான் சமாளிச்சாரு. பவர் கண்ணாடி போடறவங்களுக்கு பவர் வெச்ச மாஸ்க்கே கெடைக்குது.

துணி. பொம்பளைங்க நெறைய பேரு இதுக்காகவே எறங்காம கரைல பையக் காத்துட்டு உக்காந்திருக்கறதப் பாத்தேன், எனக்கு அதுதான் மனசு கேக்கல. நைட்டி, சுடிதார் துப்பட்டா எதுவும் வேண்டாம், நனைஞ்சா கால்ல சுத்திக்கும், கனக்கும். திருப்பூர் காதர்பேட்டைல பாலியஸ்டர் முழுக்கை டிசர்ட்டும் லெக்கின்ஸும் எத்தன வேணும், மலிவா எல்லாருக்கும் எடுத்துருங்க, கழுத்து மூடினதா. குப்புற மெதக்கறப்ப முதுகும் கெண்டைக்காலும்தான் வெயில்ல வெந்து போகும். மூடின எடத்துக்கு சன்ஸ்க்ரீனும் தேவையில்ல, அதுல சிலதுல இருக்கற ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாதுன்னு ஹவாய்ல 2021ல இருந்து விக்கவே தடை. அப்பறம் இதையும் சொல்லோணும், மண்டபம் பாம்பன் பக்கம் பாசி எடுக்கற அக்காங்க பொடவை மேல சட்டையப் போட்டு, விரல்ல துணி சுத்தி, மாஸ்க்க மாட்டிட்டு மூச்சடக்கி முங்கறாங்க, பாட்டி வயசுல இருக்கறவங்க கூட. அதப் பாத்துட்டுத்தான் எங்க அத்தை மொழங்கால் தண்ணி வரைக்கும் எறங்கினாங்க.

என்ன தெரியும்? லட்சத்தீவு வீடியோ மாதிரி நீலமும் செவப்புமா எதிர்பாக்காதீங்க. தண்ணி தெளிஞ்ச நாள்லயும் சில மீட்டர் தூரந்தான் தெரியும், பவளமும் பெரும்பாலும் பழுப்பு, மஞ்சள், வெளிர்பச்சை. ஆனா கிட்டப் போனா விடமாட்டீங்க. மான்கொம்பாட்டம் கெளை விட்டது, மூளை மடிப்பாட்டம் உருண்டையா இருக்கறது, அதுக்கு நடுவுல கிளிஞ்சான் மீன் பாறையக் கொறிக்கற சத்தம் காதுல கேக்கும், ஓரா மீன் கூட்டமாப் போகும், பேத்தை ஒண்ணு நம்மள மொறச்சிட்டு நிக்கும். அந்த உருண்டைப் பவளமெல்லாம் வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு, நம்ம தலையளவு இருக்கறதுக்கு நம்ம பசங்கள விட வயசு எச்சா இருக்கலாம், ஒரு மிதி போதும் காயமாகறதுக்கு. நடுவுல வெள்ளை வெளேர்னு எதாச்சும் தெரிஞ்சா அழகுன்னு நெனைக்காதீங்க, தண்ணி சூடு 30 டிகிரிக்கு மேல போயி வாரக்கணக்கா அப்படியே நின்னா பவளத்துக்குள்ள இருந்து சோறு போடற பாசி வெளிய போயிரும், நெறமும் போயிரும், சீக்கிரம் குளுந்தா பொழைக்கும், இல்லாட்டி செத்துரும். 1998, 2010, 2016 மூணு தடவையும் மன்னார் வளைகுடால பெரிய அடி. அதுக்கு முந்தி சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியே எவ்வளவோ போச்சு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவே தண்ணிக்குள்ள முங்கிருச்சு. தனுஷ்கோடில 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் இருக்குதில்ல, அது செவுத்துக்கிட்ட பசங்களக் கூட்டிட்டுப் போங்க, கல்லுல பூப்பூவா ஓட்டை தெரியும், பவளக்கல்லு. தொட்டுப் பாக்கோணும்னு ஆசைப்படற பசங்களுக்கு அந்தச் செவுறே போதும். ஆனா தனுஷ்கோடி ரோடு முடியற அரிச்சல்முனைல கடல்ல எறங்க விடாதீங்க, இழுப்பு பலமா இருக்கும்.

கால்ல பழைய ஷூ இருக்கட்டும், மணல்ல நடக்கறப்ப கால தூக்கி வெக்காம தேச்சிட்டே போங்க, திருக்கை கெடந்தா வெலகிப் போயிரும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டா நல்ல தண்ணி ஊத்தித் தேய்க்கக் கூடாது, கடல் தண்ணிலயே அலசிட்டு டாக்டர்கிட்டப் போயிருங்க. பசங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெரியவங்க கூடவே மெதக்கோணும், கைடு இருக்கறாருன்னு விட்டுட்டு கரைல செல்பி எடுக்கறது ஆகாது.

பவளத்துண்டு, கடல்குதிரை, கடலட்டை எதையும் எடுக்கவோ வாங்கவோ வேண்டாம், செத்துக் கரைல ஒதுங்கின பவளமா இருந்தாலும் சரி, எல்லாம் வனவிலங்குச் சட்டத்துல வருது, கேஸ் ஆயிரும்.

கொஞ்சம் காசு சேத்துட்டுத்தான் போவோம்னா லட்சத்தீவு, அதுக்கு நம்மளுக்கு கொச்சி பக்கந்தான், கோயமுத்தூர்ல இருந்து சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து கப்பலும் அகத்திக்கு பிளைட்டும் இருக்குது. நுழைவு பர்மிட் வாங்கோணும், அதுக்கு முன்கூட்டியே ஓடோணும். தண்ணி கண்ணாடி, சந்தேகமே இல்ல. ஆனா மொத தடவை மாஸ்க் மாட்டற குடும்பத்துக்கு ஓலைக்குடால பழகிட்டு அங்க போறதுதான் என் கணக்குக்கு செரி.

ரோட்டுல போனா தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி வழி, ஏழெட்டு மணி நேரம் வெச்சுக்கங்க. கோயமுத்தூர்ல இருந்து ராமேஸ்வரத்துக்கு வாரத்துக்கு ஒரு ட்ரெயினும் இருக்குது. காரு கொண்டு போனா திரும்பி வந்த அன்னைக்கே அடிப்பக்கம் வாட்டர் சர்வீஸ் பண்ணிருங்க, உப்புக்காத்து துருப் புடிக்க வெச்சிரும்.