கல்லாவில் காசு நிற்கவில்லை: நகையை வைத்துக் கடையை மாற்றலாமா?

கேள்வி: வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் அப்பா தொடங்கிய மளிகைக்கடையை நானும் தம்பியும் நடத்துகிறோம். சொந்தக் கட்டடம். மாதம் நாலரை லட்சம் ஓடிய வியாபாரம் ஒன்றரை வருடமாக மூன்று லட்சத்தில் நிற்கிறது. பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. லாபம் நூற்றுக்குப் பதினொன்று நிற்கும். கடன் நோட்டில் ஊர்ப் பாக்கி நாலரை லட்சம். இரண்டு வருடமாக அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சரக்கு இருப்பும் அதே அளவுதான். ஆனால் கும்பகோணம் மொத்தக்கடைக்கு நாங்கள் தர வேண்டியது மட்டும் 2,80,000 ரூபாய் ஆகிவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன் அங்கே எங்களுக்குப் பாக்கியே கிடையாது. இனி ரொக்கம் தந்தால்தான் சரக்கு என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் வெளியே 2 லட்சம் மூன்று வட்டிக்கு வாங்கினோம், அசல் அப்படியே நிற்கிறது. கரண்ட் 3,500, கடைப் பையன் சம்பளம் 9,000. மனைவியின் 15 பவுன் நகையை வைத்து 5 லட்சம் வாங்கி, ஏசியும் ரேக்கும் போட்டுக் கடையை மாற்றலாமா? இல்லை, ஆறு மா நிலத்தை விற்கலாமா? தம்பி சிங்கப்பூர் போகிறேன் என்கிறான். ஏஜெண்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். பெயர் வேண்டாம்.

பதில்: ஏசி வேண்டாம். நிலத்தையும் இப்போது தொடாதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

எல்லாக் கணக்கும் எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை: வீட்டுக்கு மாதம் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பது. பரவாயில்லை, அதை நானே போட்டுப் பார்த்தேன். மூன்று லட்சம் வியாபாரத்தில் லாபம் 33,000. அதில் கரண்ட், பையன் சம்பளம், வட்டி 6,000 எல்லாம் போக மிச்சம் 14,500. ஊர்ப் பாக்கி மாறவில்லை, சரக்கும் குறையவில்லை, மொத்தக்கடைப் பாக்கி மட்டும் பதினெட்டு மாதத்தில் 2,80,000 ஏறியிருக்கிறது. அதாவது மாதம் சுமார் 15,500. அந்தப் பணம் வேறு எங்கும் போகவில்லை, வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. 14,500-உம் 15,500-உம் சேர்த்து மாதம் 30,000.

இதில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை. இரண்டு குடும்பம், வயதான அப்பா, பிள்ளைகள் படிப்பு; 30,000 அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. நாலரை லட்சம் வியாபாரம் நடந்த காலத்தில் செலவு போக 31,000 நின்றது, எடுத்த 30,000-க்குச் சரியாக இருந்தது. வியாபாரம் இறங்கிய பிறகும் கல்லாவில் கை போட்ட அளவு இறங்கவில்லை. கடைக்காரர் வீடுகளில் இது சகஜம். சாயங்காலம் கேஸ் சிலிண்டருக்கு ஆயிரம், பிள்ளைக்கு ஃபீஸ், கடையிலிருந்தே வீட்டுக்குப் போகும் எண்ணெய், பருப்பு என்று எதையும் யாரும் எழுதுவதில்லை. மொத்தக்கடைக்காரர்தான் உங்கள் வீட்டுச் செலவில் பாதியைக் கொடுத்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டுப் போட்டு நீங்கள், தம்பி, அப்பா மூவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை எழுதுங்கள். வீட்டுக்குப் போகும் மளிகையையும் அதில் கழியுங்கள். கடைக்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கு, ஜிபே வசூல் அதில் மட்டும்.

அடுத்தது நகை. அது உங்கள் மனைவியுடையது. அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், 5 லட்சத்துக்கு அல்ல, 2 லட்சத்துக்கு மட்டும், வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். மூன்று வருடத்தில் 2,16,000 வட்டி கட்டிவிட்டீர்கள், வாங்கிய அசலைவிட அதிகம். வங்கியில் நகைக்கடன் 9, 10 சதவீதத்துக்குக் கிடைத்தால் மாத வட்டி சுமார் 1,600 ரூபாய்தான். மாதம் சுமார் 4,400 மிச்சம். பணத்தைத் திருப்பும் அன்றே புரோநோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக் இருந்தால் அதையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். "அப்புறம் தருகிறேன்" என்றால் பணத்தையும் அப்புறம் தாருங்கள்.

அந்த 4,400-ஐச் சேர்த்தாலும் கடையில் மாதம் நிற்பது 18,900. வெளிப்படையாகச் சொல்கிறேன், இன்றைய நிலையில் இந்தக் கடை இரண்டு குடும்பத்தைத் தாங்காது. தம்பி கடையில் இருப்பதென்றால் 9,000 கொடுத்துப் பையன் வேண்டாம். மூட்டை இறக்குவதும் டெலிவரியும் தம்பி வேலை. தம்பி வெளியே போவதென்றால் பையன் இருக்கட்டும், கடை உங்கள் குடும்பத்துக்கும் அப்பாவுக்கும். இரண்டில் ஒன்றை இந்த மாதமே அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அப்பாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சிங்கப்பூர் போவது தப்பில்லை. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகள் அப்படித்தான் எழுந்தன. ஆனால் மூன்றரை லட்சம் கொடுத்து அல்ல. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். மிச்சம் எதற்கு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்தக் கடன் நோட்டு. நாலரை லட்சமும் வராது, பாதி வந்தாலே நல்லது. பெயர்களைப் பிரித்து எழுதுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் வாரம் இருநூறு, முந்நூறு என்று வாங்குங்கள். விவசாயிகளிடம் ஆடியில் போய்க் கேட்டுப் பயனில்லை, அவர்களே அப்போது நாற்றுக்கும் உரத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். குறுவை அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறும் வாரத்தில் போங்கள்; சம்பாவுக்குத் தை, மாசி. ஐப்பசி மழையில் நெல் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டிக் கொள்முதல் இழுத்தடித்தால் உங்கள் வசூலும் இழுக்கும். அந்தப் பணத்தை நம்பி யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். 2024-இல் மேட்டூர் ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-இல்தான் திறந்தது. அந்த வருட நோட்டைப் புரட்டுங்கள், எந்த வீட்டுப் பாக்கி அப்போது நின்றுபோனது என்று தெரியும். அவர்களைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கலாம். வருடக்கணக்காகக் கடைப்பக்கமே வராமல், பாக்கியை இங்கே வைத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் ரொக்கம் கொடுப்பவர்களிடம் அந்தத் தயவு வேண்டாம்.

ஒரு சின்ன வேலை, ஆனால் முக்கியம். விற்ற சரக்குக்கான பாக்கியைக் கோர்ட்டில் கேட்க மூன்று வருடம்தான் கெடு. கெடு முடிவதற்குள் "இன்று தேதிக்குப் பாக்கி ரூ. 6,240" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். நீங்கள் யார் மேலும் கேஸ் போடப் போவதில்லை, எனக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டவர் கொஞ்சம் சீக்கிரம் கொடுப்பார், அதற்காகத்தான்.

இப்படி வருகிற பழைய பாக்கி கல்லாவில் சேரக்கூடாது. அப்படியே கும்பகோணத்துக்குப் போகட்டும். மொத்தக்கடைக்காரரை நேரில் பாருங்கள், போனில் வேண்டாம். புதுச் சரக்கு முழுக்க ரொக்கம், பழைய பாக்கிக்கு வசூலாவதை வாராவாரம் தருகிறேன் என்று சொல்லுங்கள். ரொக்கத்துக்கு விலையில் என்ன குறைப்பீர்கள் என்றும் அதே மூச்சில் கேளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டோடு ஷாம்பு, பிஸ்கட்டில் மோத வேண்டாம். அந்த ரகங்களைப் பாதியாகக் குறையுங்கள். உங்கள் பலம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி லிஸ்ட். ஊரில் சமையல் வேலை எடுக்கும் நாலைந்து மாஸ்டர்கள் கையில்தான் அந்த வியாபாரம் இருக்கிறது. அவர்களைப் போய்ப் பாருங்கள். பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு, மீந்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். சூப்பர் மார்க்கெட் அதைச் செய்யாது.

வருட விற்பனை 36 லட்சத்துக்கு இறங்கிவிட்டதால், 40 லட்சத்துக்குக் கீழே ஜிஎஸ்டி எதற்கு, பதிவை எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எடுக்காதீர்கள், பின்னால் வங்கியில் கடன் கேட்க அந்தக் கணக்குதான் சாட்சி.

ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அவசரத்துக்கு விற்கிறவனிடம் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். குத்தகை நெல் வந்தால் வீட்டு அரிசிச் செலவாவது மிச்சம். சம்பா வசூல் முடிந்ததும், மாசிக் கடைசியில், மூன்று எண்களை எழுதி அனுப்புங்கள்: வீட்டுக்கு எடுத்தது, நோட்டில் வசூலானது, மொத்தக்கடைக்கு அடைத்தது. ரேக் போடுவதா, முத்ரா கடன் கேட்பதா என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.