ஒலி எலக்ட்ரானை எப்படித் தொடும்?

அன்புள்ள ஐயா,

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மீயொலியால் (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியால்) அறியலாம் என்று, மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்திகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. ஒலி என்பது அணுக்களின் அதிர்வுதானே? அது எலக்ட்ரானை எப்படித் தொடும்? மின்தடையை அளந்தால் போதாதா?

முதுகலை இயற்பியல் மாணவன்

அன்புள்ள தம்பி,

ஒலி அசைப்பது அணுக்களைத்தான். ஆனால் உலோகத்தில் அவை மின்னூட்டம் கொண்ட அயனிகள். ஒலி போகும் வழியில் அவை ஓரிடத்தில் நெருங்கும், பக்கத்திலேயே விலகும். அந்த மின்னூட்ட ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட எலக்ட்ரான்கள் ஓடியாக வேண்டும். ஓடி மோதுவதில் ஒலியின் ஆற்றல் கரைகிறது. சுத்தமான உலோகத்தை நன்றாகக் குளிரவைத்தால், ஒலி தேய்வதற்கு எலக்ட்ரான்களே முக்கியக் காரணம்.

படிகத்தின் இரு முகங்களையும் இணையாக இழைத்து, ஒன்றில் குவார்ட்ஸ் சில்லை ஒட்டி, மெகாஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை உள்ளே அனுப்புவார்கள். அது எதிர்முகத்தில் பட்டுத் திரும்பும், மறுபடி போகும். திரையில் எதிரொலிகள் ஒன்றைவிட ஒன்று குட்டையாக வரிசைகட்டும். எவ்வளவு சீக்கிரம் குட்டையாகின்றன என்பதுதான் அளவு. 1954இல் பெல் ஆய்வகத்தின் போமல் ஈயத்தில் இதைச் செய்தார். 7.2 கெல்வினுக்குக் கீழே, ஈயம் மீக்கடத்தியானதும், தேய்மானம் சட்டென விழுந்தது.

சரி, மின்தடை போதாதா? மீக்கடத்தியில் அது பூஜ்யம். அதற்குமேல் எவ்வளவு குளிரவைத்தாலும் மானியில் அதே பூஜ்யம்தான். ஒலியோ ஒவ்வொரு வெப்பநிலையிலும் வேறு எண் தருகிறது. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் காரணம் சொன்னார்கள்: எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன. ஜோடியை உடைக்கத் தேவையான ஆற்றல், மெகாஹெர்ட்ஸ் ஒலித்துகளின் (ஃபோனான், அதாவது ஒலி ஆற்றலின் மிகச்சிறு பொட்டலம்) ஆற்றலைப் போலப் பல்லாயிரம் மடங்கு. ஆகவே ஜோடியில் சேராமல் மிஞ்சியவை மட்டுமே ஒலியை விழுங்கும். குளிரக் குளிர அவை குறையும், ஒலி நீடிக்கும். தேய்மானம் குறையும் விதத்தை வைத்தே மோர்ஸும் போமும் அதே ஆண்டில், ஜோடியை உடைக்கத் தேவையான அந்த ஆற்றலை, அதாவது ஆற்றல் இடைவெளியை, அளந்தார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கோட்பாட்டுக்குக் கிடைத்த மிக அழகான சாட்சிகளில் இது ஒன்று. பாடப்புத்தகங்கள் இதை இரண்டு வரியில் கடந்துபோவதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம், இது பழங்கதை இல்லை. ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் என்ற ஆக்சைடு படிகம் மீக்கடத்தியாகும் வெப்பநிலையில் ஒரு குறிப்பிட்ட சறுக்கு அலையின் (அணுக்கள் அலை போகும் திசைக்குக் குறுக்காக அசையும் ஒலி) வேகம் சட்டென மாறுவதை 2021இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அதன் ஜோடிகள் எளிமையான ஒற்றை வகையல்ல என்பதற்கு அது வலுவான தடயம். எந்த வகை என்ற விவாதம் இன்னும் சூடாகவே இருக்கிறது. முதுகலை முடித்து ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்த இரண்டு கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள்.