குவேக்கர் பள்ளியின் மௌனம்

ஐயா, வணக்கம்.

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் பள்ளிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் சிறிய பள்ளியிலும் தினமும் காலையில் இருபது நிமிடம் மௌனம் வைத்தோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆசிரியர்கள் வரிசை வரிசையாக நடந்து அதட்டுகிறார்கள். தியானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எங்கே தவறினோம்?

– ஒரு தலைமையாசிரியை

அன்புள்ள தலைமையாசிரியைக்கு,

ஆசிரியர்கள் நடக்கிறார்களே, தவறு அங்கேதான். குவேக்கர் மௌனக் கூட்டத்தில் பாதிரியாரும் இல்லை, மேடையும் இல்லை. ஒவ்வொருவருக்குள்ளும் இறைவனின் கூறு ஒன்று உண்டு என்று 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் சொன்னார். அது யார் வாயிலிருந்தும் பேசலாம், பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்தும். அதற்காகத்தான் எல்லோரும் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். தியானத்தில் அவரவர் மனத்துக்குள் போகிறோம். இங்கே கூடியிருப்பவர்கள் சேர்ந்து காத்திருக்கிறார்கள். காவலுக்கு ஒருவர் நின்றாலே அது கெட்டுவிடும்.

பெஞ்சுகளை ஒன்றையொன்று பார்க்கும்படி சதுரமாகப் போடுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு நடுவே கலந்து உட்காரட்டும். தினமும் வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். சிறு வகுப்புகளுக்குப் பத்து நிமிடமே அதிகம். தொடக்கத்தில் ஒரு கேள்வியை வாசித்துவிட்டு விட்டுவிடலாம். பல குவேக்கர் பள்ளிகளில் அப்படிச் செய்வதுண்டு. 'இந்த வாரம் யார் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை?' என்பது போல, சரியான விடை என்று ஒன்று இல்லாத கேள்வியாக இருக்கட்டும்.

பேசத் தோன்றுகிற பிள்ளை எழுந்து, சுருக்கமாகச் சொல்லி, உட்காரும். யாரும் பதில் சொல்வதில்லை, கைதட்டுவதில்லை. அந்தச் சொல் அடங்கும்வரை அடுத்தவர் பொறுக்க வேண்டும். இதைச் சொல்லித்தராவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்துகொண்டே இருப்பார்கள்; அமெரிக்கக் குவேக்கர்கள் அதற்குப் 'பாப்கார்ன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முடிக்கவும் மணி வேண்டாம். பொறுப்பில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்குவார், பிறகு எல்லோரும் குலுக்கிக்கொள்வார்கள். அந்தப் பொறுப்பை ஒரு மாணவியிடமே கொடுத்துப் பாருங்கள்.

சிரிப்புக்குப் பயப்படாதீர்கள், அதட்டினால்தான் வளரும். சத்தம் போட்டதற்குத் தண்டனையாக மட்டும் ஒருநாளும் மௌனம் வைத்துவிடாதீர்கள். பிறகு மௌனம் என்றாலே தண்டனை என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடும்.

பொறுமையாகக் கவனிக்கும் இந்தப் பழக்கம் குவேக்கர் பள்ளிகளின் பாடங்களிலும் உண்டு. சமயக் கட்டுப்பாடுகளால் இங்கிலாந்துக் குவேக்கர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் நெடுங்காலம் மூடியிருந்தன. அந்தத் தடைகளை நீக்கிய சட்டம் 1871இல்தான் வந்தது. அவர்கள் பள்ளிகள் இயற்கை அறிவியல் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள பூத்தம் என்ற குவேக்கர் பள்ளியில் 1834லேயே மாணவர்களுக்கு இயற்கை வரலாற்றுச் சங்கம், அதாவது செடிகொடிகளையும் உயிரினங்களையும் கவனித்து அறியும் சங்கம், இருந்தது.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. குவேக்கர்கள் முடிவெடுக்கும்போது வாக்கெடுப்பு நடத்துவதில்லை. கூட்டத்தை நடத்துபவரை எழுத்தர் என்பார்கள்; அவர் எல்லோரையும் கேட்டு, கூட்டத்தின் எண்ணம் இது என்று அங்கேயே எழுதி வாசிப்பார். ஒத்துவராவிட்டால் திருத்துவார், இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார். உங்கள் மாணவர் மன்றத்தில் ஒரு சின்ன விஷயத்தை, விளையாட்டுத் திடலை யார் எப்போது பயன்படுத்துவது என்பதை, இப்படி முடிவு செய்ய விடுங்கள். காத்திருந்து கேட்பது எதற்கென்று பிள்ளைகளுக்கு அங்கே புரியும்.

முதல் சில வாரங்களில் ஒருவருமே பேசாமல் போகலாம். அந்த வெறுமையை நிரப்ப ஆசிரியர் எழுந்து அறிவுரை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.